லாரி டயரைத் தனியே வையுங்கள்

ஆய்வுக்கூடத்துக்கு டயர்த் துண்டுகள் வந்து இறங்கினால் நான் முதலில் கேட்பது, "லாரியா, காரா?" என்றுதான். வினையூக்கி பற்றிய பேச்செல்லாம் அப்புறம். லாரி டயரில் இயற்கை ரப்பர் அதிகம். கார் டயரில் ஸ்டைரீன்-பியூட்டாடையீன் என்ற செயற்கை ரப்பரின் பங்கு கூடுதல். காற்றுப் புகாத உலையில் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் இரண்டிலிருந்தும் ஒரே மாதிரி கறுத்த எண்ணெய்தான் வடிகிறது. பகுத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

இயற்கை ரப்பர் என்பது ஐசோப்ரீன் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. சூட்டில் அது அறும்போது அலகுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து லிமோனீன் உண்டாகிறது. ஆரஞ்சுத் தோலை நசுக்கினால் மூக்கில் ஏறுகிறதே, அந்தப் பொருள்தான். குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பாலாக வடிந்தது, நெடுஞ்சாலையில் ஓடித் தேய்ந்த பிறகும் இதைத் தருகிறது என்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஆனால் எங்கள் கூடத்துக்குள் வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். கந்தக வீச்சம்! லிமோனீன் கொதிப்பது சுமார் 176 டிகிரியில். அதை ஒட்டிக் கொதிக்கும் வேறு பல சேர்மங்களும், கந்தகம் ஏறிய தயோஃபீன் வகைகளும் கூடவே ஆவியாகி வரும். வெறுமனே வாலையில் வடித்து அதைச் சுத்தமாகப் பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்று சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டார். டயருக்கு உழைப்பைக் கொடுத்த அந்தக் கந்தகம்தான் எங்களுக்குத் தலைவலி. எடையில் 1 முதல் 2 சதவீதம்தான். ஆனால் நிக்கல், பிளாட்டினம் போன்ற உலோக வினையூக்கிகளை முடக்கிப்போட அதுவே ஏராளம். அதனால்தான் கந்தகத்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும் சியோலைட்டுகளிடம் போகிறோம். அமிலத்தன்மையும் நுண்துளைகளும் கொண்ட அலுமினோசிலிக்கேட்டுகள் இவை. மொபில் நிறுவனம் 1972இல் காப்புரிமை பெற்ற இசட்.எஸ்.எம்-5இன் துளை சுமார் 0.55 நானோமீட்டர், இன்னொரு சியோலைட்டான ஒய் வகையில் 0.74. டயர் ஆவிக்கு என் ஓட்டு ஒய் வகைக்குத்தான். பெரிய மூலக்கூறுகள் உள்ளே நுழைய இடம் வேண்டாமா? இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் வில்லியம்ஸ் குழுவினர் இரண்டையும் ஒப்பிட்டபோதும், பென்சீன், டொலுவீன், சைலீன் கூடுதலாகக் கிடைத்தது ஒய் வகையில்தான்.

அமிலத் துளைக்குள் போன லிமோனீன் திரும்பி வருவதில்லை. ஹைட்ரஜனை இழந்து சைமீன் ஆகிறது, பிறகு உடைந்து டொலுவீன், சைலீன் என்று போகிறது. ஆக, லிமோனீன் வேண்டுமென்றால் சூட்டைக் குறைத்து, ஆவியைச் சட்டென்று வெளியே இழுத்துக் குளிர்விக்க வேண்டும், வினையூக்கியே கூடாது. டொலுவீன் வேண்டுமென்றால் லிமோனீனை மறந்துவிட வேண்டும். இரண்டுக்கும் ஆசைப்பட்டால் இரண்டும் கெட்டான் எண்ணெய்தான் மிஞ்சும்.

வினையூக்கியைத் துண்டுகளோடு கலந்து போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கரியோடு கலந்துவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை. கீழே டயர், மேலே தனி அடுக்கில் வினையூக்கி, இடையே ஆவி மட்டும். ஓட்டம் முடிந்து குழாயைக் கழற்றும்போது அந்த அடுக்கைப் பார்க்க வேண்டும். வெள்ளையாகப் போட்ட உருளைகளில் ஆவி முதலில் பட்டவை கன்னங்கரேல் என்றிருக்கும். மேலே போகப் போகச் சாம்பல், பழுப்பு. எங்கே நிறம் மாறுகிறது என்று பார்த்தே எவ்வளவு உழைத்திருக்கிறது, இன்னும் எவ்வளவு தாங்கும் என்று ஊகிக்கலாம். படிந்த கரியை 550 டிகிரி வாக்கில் எரித்து நீக்கினால் மறுபடி வெள்ளையாகும். இங்கேதான் நிதானம் வேண்டும். நைட்ரஜனில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைக் கலந்து விட வேண்டும். மொத்தமாகத் திறந்தால் உள்ளே சூடு எகிறும். கரியிலுள்ள ஹைட்ரஜன் எரிந்து நீராவியாகும். அந்தக் கொதி நீராவி சியோலைட்டின் சட்டத்திலிருந்து அலுமினியத்தைப் பிடுங்கிவிடும். நிறம் வெள்ளைதான், வேலை செய்யாது. எரிப்பு நடக்கும்போது வெப்பமானியை விட்டு நான் நகர்வதில்லை. மாணவர்கள் கிண்டல் செய்வார்கள்.

வினையூக்கி போட்டால் எண்ணெயின் அளவு குறையும், வாயு கூடும். ஆலைக்காரர்கள் முகம் சுளிப்பது இதனால்தான். உலை எரிபொருளாக லிட்டர் கணக்கில் விற்கிறவருக்கு அது நஷ்டம்; வேதிப்பொருளாகப் பார்க்கிறவருக்கு எத்தனை லிட்டர் என்பதைவிட எண்ணெயில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். டயரைச் சூட்டில் சிதைக்கும் ஜெர்மனியின் பிரும் நிறுவனத்தில் வேதிப்பொருள் நிறுவனமான பாஸ்ஃப் 2020இல் முதலீடு செய்ததும் டயர் எண்ணெயை மூலப்பொருளாகப் பார்த்துத்தான். இந்தியாவிலோ பெரும்பகுதி இன்னும் உலையில்தான் எரிகிறது. இத்தனைக்கும், கழிவு டயருக்கு உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் பொறுப்பேற்க வேண்டும் என்று 2022 ஜூலையில் விதி வந்துவிட்டது.

பழைய டயர் வாங்கி விற்கும் அண்ணாச்சிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: லாரி டயரையும் கார் டயரையும் ஒரே குவியலில் கொட்டாதீர்கள். கலந்துவிட்டதைப் பிரித்துத் தரும் வினையூக்கி எங்களிடம் இல்லை.