மாமா ஓட்டிய சாலை

“கடற்பாலத்தில் ஜோகூரிலிருந்து வரும் பக்கம் நெரிசல்.” காலை நிகழ்ச்சியில் எத்தனையோ முறை இந்த வரியை வாசித்திருக்கிறேன். வாசித்து முடித்ததும் அடுத்த பாடல். அந்த நெரிசலில் இருப்பவர்களின் முகம் எனக்குத் தெரியாது.

சென்ற ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு அதை நேரில் பார்த்தேன். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து என் கணவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, மோட்டார்சைக்கிளில் மலேசியாவைச் சுற்றிவரக் கிளம்பியிருந்தோம். எங்கள் பக்கம் சாலை காலி. எதிர்ப்பக்கம் மோட்டார்சைக்கிள் விளக்குகள் ஆறுபோல் வந்துகொண்டே இருந்தன. அத்தனை பேரும் வேலைக்கு வருகிறவர்கள்.

என் மாமனாரும் அவர்களில் ஒருவராக இருந்தவர். மாசாயிலிருந்து சுங்கை காடுட்டில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு 22 ஆண்டுகள் கப்சாய் வண்டியில் போய்வந்தார். நாங்கள் பயணம் போவதாகத் தொலைபேசியில் சொன்னதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

“நமக்குச் சோறு போட்ட வண்டிம்மா அது. ஊர் சுத்துற சாமானா?” என்றார். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார்: “மழை வந்தா நின்னுடுங்க.”

அவர் பயம் காரணமில்லாததல்ல. சிங்கப்பூரில் 2023ல் சாலை விபத்துகளில் இறந்த 136 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் மோட்டார்சைக்கிளோட்டிகளும் பின்னால் அமர்ந்து சென்றவர்களும்தான். என் அம்மாவும் இதையேதான் வேறு வார்த்தைகளில் சொல்லி அழுதார்.

வடக்கு தெற்கு விரைவுச்சாலையில் மோட்டார்சைக்கிளுக்குக் கட்டணம் கிடையாது. தாப்பாவில் திரும்பி மலையேறினோம். எங்கள் வீட்டுப் பக்கமுள்ள புக்கிட் தீமா 163 மீட்டர். சிங்கப்பூரில் அதுதான் ஆக உயரம். கேமரன் மலை வளைவுகளில் காது அடைத்தபோதுதான் மலை என்றால் என்னவென்று புரிந்தது. 1929ல் தொடங்கிய ‘போ’ தேயிலைத் தோட்டத்தின் சரிவுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த பாட்டி, “நாங்க முதுகுல கூடையோட ஏறுன மலை, நீங்க காசு குடுத்து ஏறுறீங்க” என்று சிரித்தார். மாமா சொன்னதும் அதேதானே என்று பட்டது.

வியாழக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்குக் கிரிக் வந்தோம். அங்கிருந்து ஜெலிவரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர் காட்டுச் சாலை. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களின் தாக்குதல்களுக்கிடையே, இராணுவப் பாதுகாப்புடன் கட்டி 1982ல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை அது. பெலும் தெமெங்கோர் காட்டை ஊடறுத்து, தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டிப் போகிறது. 2025 மே மாதம் ஒரு லாரி மோதி இறந்த குட்டியை விட்டு நகராமல் தாய் யானை நின்ற காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது நடந்ததும் இந்தச் சாலையில்தான்.

வானம் கறுத்திருந்தது. “இருட்டுறதுக்குள்ள போயிடலாம்” என்றார் கணவர். நான் மாட்டேன் என்றேன்.

“அப்பாவோட பயத்தை நீ ஏன் சுமக்கிறே?”

“அவர் பயப்படலைங்க. அவருக்குத் தெரியும்.”

அரை மணி நேரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு மழை கொட்டியது. கிரிக்கிலேயே ஒரு சிறிய விடுதியில் தங்கினோம். இரவு ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, திருமணமாகி ஆறு ஆண்டுகளில் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவர் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, அப்பா மழையில் வழுக்கி விழுந்து முழங்கால் உடைந்ததாம். மூன்று மாதம் சம்பளம் இல்லை. வீட்டில் அம்மாவின் தாலிக்கொடிவரை அடகுக்குப் போனது. நான்காவது மாதம் நொண்டிக்கொண்டே அதே வண்டியில் மறுபடியும் கிளம்பினாராம் அப்பா.

“நான் வண்டி வாங்கினப்போ அவர் வந்து பாக்கவே இல்லை. கோபம்னு நெனைச்சேன்” என்றார்.

மறுநாள் காலை பெட்ரோலை முழுதாக நிரப்பிக்கொண்டு புறப்பட்டோம். இனி வெகுதூரத்துக்கு நிலையம் இல்லை என்று நிலையத்துக்காரரே எச்சரித்தார். தெமெங்கோர் ஏரிமேல் பனி மூடியிருந்தது. ஒரு வளைவு தாண்டியதும் நடுச்சாலையில் யானைச் சாணம், ஆவி பறந்துகொண்டிருந்தது. கணவர் வேகத்தைக் குறைத்து, இடக்கையால் என் முழங்காலை இரண்டு முறை தட்டினார். இரவில் இந்த வளைவுக்கு வந்திருந்தால் என்று இருவருமே நினைத்தோம். பேசவில்லை.

அதன்பிறகு கடல். கோத்தா பாருவில் நாசி டாகாங், திரங்கானுவில் சுடச்சுடக் கெரோப்போக் லெக்கோர். குவாந்தான், மெர்சிங் என்று தெற்கே இறங்கி, ஞாயிறு மாலை மாசாய் வந்து சேர்ந்தோம். ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர்.

மாமா வாசலுக்கு வந்தார். எங்களைப் பார்க்கும் முன் வண்டியைப் பார்த்தார். சுற்றிவந்து, வலிக்கும் முழங்காலோடு குனிந்து, சங்கிலியை விரலால் தூக்கிப் பார்த்தார். “தொய்ஞ்சு போயிருக்கு” என்று உள்ளே போய் எண்ணெயும் ஸ்பேனரும் எடுத்துவந்தார். அப்பாவும் மகனும் தரையில் உட்கார்ந்தார்கள்.

“யானை பாத்தீங்களா?”

“சாணிதான் மாமா. மழைக்கு நின்னுட்டோம்.”

தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, ஸ்பேனரைத் திருகிக்கொண்டே சொன்னார்: “இருபத்திரண்டு வருசம் ஓட்டினேன். வீட்டுக்கும் வேலைக்கும் தவிர வேற எங்கயும் இந்தக் கையி வண்டியத் திருப்பினதில்லை.”

திங்கள் காலை நாங்களும் அந்த விளக்கு ஆற்றில் கலந்தோம். முன்னால் போன வண்டியில் ஒரு சாப்பாட்டுப் பை தொங்கியது. பக்கத்தில் ஓர் இளைஞர் நின்றபடியே கண்ணை மூடித் திறந்தார். சோதனைச்சாவடியைக் கடக்க வெகுநேரம் ஆனது.

இப்போதும் அதே வரியை வாசிக்கிறேன். ஆனால், அடுத்த பாடலுக்குப் போகுமுன் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்கிறேன்: “மோட்டார்சைக்கிளில் வருகிறவர்களே, மழை வந்தால் நின்று வாருங்கள்.”