ஜாம்பவான் செய்த பணி

ஏற்காட்டிற்கு மேலே, சேர்வராயன் மலையுச்சியில், குனிந்தே நுழைய வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் எழுந்தருளியுள்ளனர். மே மாதத் திருவிழாவில் மலையாளிப் பழங்குடியினர் திரளாக வந்து வழிபடுகின்றனர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரருள் மூத்தவர் இம்மலையில் குடியேறினார் என்பது அவர்களது மரபுவழிக் கதை.

அதே இனத்தவர் கிழக்கே, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையிலுள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கிலும் வாழ்கின்றனர். 1993-ஆம் ஆண்டு மருத்துவத் தம்பதியரான ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்கே வந்தனர். அக்காலத்தில் மருத்துவமனைக்குச் செல்லச் சுமார் 50 கிலோமீட்டர் போக வேண்டும். பிறக்கும் 1,000 குழந்தைகளுள் ஏறத்தாழ 150 குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன்னரே இறந்தன.

ஊரார் துணையுடன் எழுந்த ஓலைக் குடிசையே முதல் மருத்துவமனை. மருத்துவர்கள் தேர்ந்தெடுத்த உதவியாளர்களோ அவ்வூர்ப் பெண்களே. பலர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். அவர்கள் நாளடைவில் பிரசவம் பார்க்கவும், அறுவைச் சிகிச்சையில் துணைநிற்கவும் கற்றனர். சிசு மரணம் பன்மடங்கு குறைந்தது. பின்னர் உழவர்கள் இயற்கை வேளாண்மைக்கெனச் சங்கம் கண்டனர். லம்பாடிப் பெண்கள் மறந்துகொண்டிருந்த தங்கள் பூத்தையலை மீட்டு, அதற்குப் 'போர்கை' என்று பெயரிட்டனர். அவர்கள் மொழியில் அதற்குப் பெருமை என்று பொருள்.

கல்வி வெளியிலிருந்து வந்தது. அதை ஏற்று வளர்க்கும் ஆற்றல் அம்மக்களிடமே உறங்கிக் கிடந்தது.

இராமாயணம் அறிந்தோர்க்கு இது புதிதன்று. கடற்கரையில் வானரர் திகைத்து நின்றபோது, அனுமன் தன் வலிமையை அறியாமல் ஒதுங்கி அமர்ந்திருந்தான். ஜாம்பவான் அவனுக்கு எவ்வலிமையும் தரவில்லை. இருந்ததை எடுத்துச் சொன்னார். மகேந்திர மலையிலிருந்து அனுமன் பாய்ந்தான். அனுமனுக்கு ஒருமுறை சொன்னது போதுமாயிற்று. மனிதர்க்கோ ஆண்டுக்கணக்கில், பொறுமையுடன், பிழை செய்யும்போதும் கைவிடாமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் நினைக்கத்தக்கது. அன்று ஜாம்பவான் முதியவர். கடலைத் தாண்டும் வலிமை முன்புபோல் தமக்கில்லை என்று அவரே கூறினார். ஆயினும் தாண்ட வல்லவன் யார் என்பதைக் கண்டறிந்தவர் அவரே. கோயில் திருப்பணியிலோ குடும்பத்திலோ பொறுப்பை நெடுங்காலம் சுமந்த பெரியோர், கூச்சத்துடன் ஒதுங்கி நிற்கும் ஓர் இளையவரை அழைத்து, "உன்னால் இயலும், நீ செய்" என்று சொல்வதும் அந்தப் பணியே. அதற்கு முதுமை தடையன்று. முதுமையே அதற்குரிய தகுதி.