நாலு விநாடி

குத்துச் சண்டையைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவதா என்று சில வாசகிகள் முகத்தைச் சுளிக்கலாம். ஒரு கண்ணை அடுப்பிலுள்ள பாலின் மேலும் ஒரு கண்ணைத் தொடர்கதையின் மேலும் வைத்துப் படிக்கிறவர்களுக்கு, ஒருவர் மூக்கை ஒருவர் பெயர்க்கிற கலையில் என்ன சிரத்தை இருக்க முடியும்? வாஸ்தவம். ஆனால் நான் சொல்ல வந்தது மூக்கு சமாசாரமல்ல, மானம் சம்பந்தப்பட்டது. அதில் நம் குடும்பங்களுக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஹெவி-வெயிட் சாம்பியன் ஒருவர் ஊரே பார்க்க அடி வாங்கித் தோற்றுப் போகிறார். முகத்து வீக்கம் வடிவதற்குள் அதே ஆளோடு மறு போட்டிக்குப் போகலாமா, கூடாதா? ஒவ்வொரு பெரிய தோல்விக்குப் பிறகும் எழுகிற கேள்வி இது. எனக்கு இதில் திட்டமான அபிப்பிராயம் உண்டு. அதை எனக்கு ஏற்படுத்தியவர் ப்ளாய்ட் பாட்டர்ஸன் என்ற அமெரிக்கர்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், பதினொரு குழந்தைகள் உள்ள ஏழை வீட்டில் வளர்ந்த பிள்ளை அவர். 1952-ல் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வாங்கிய போது வயது பதினேழு. 1956-ல் ஆர்ச்சி மூர் என்ற கைதேர்ந்த கிழவரை வீழ்த்தி உலக ஹெவி-வெயிட் பட்டத்தைப் பெற்ற போது இருபத்தொன்று. அதுவரை அத்தனை சின்ன வயதில் அந்தப் பட்டத்தை யாரும் பெற்றதில்லை. சுபாவமோ கல்யாணப் பெண் மாதிரி, கூச்சம்.

அந்தக் காலத்துச் சண்டைப் படங்களையெல்லாம் இப்போது வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். 1959-ம் வருஷம் ஜூன் 26-ந் தேதி, யாங்கீ மைதானத்தில் பாட்டர்ஸனும் ஸ்வீடன் தேசத்து இங்கமார் ஜோஹான்ஸனும் மோதிய படத்தை ஒரு நாள் இரவு போட்டுக் கொண்டிருந்தேன். அத்தை கொத்தவரங்காய் ஆய்ந்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

முதல் இரண்டு ரவுண்டில் ஒன்றுமில்லை. மூன்றாவது ரவுண்டில் ஜோஹான்ஸனின் வலது கை, பாட்டர்ஸனுடைய இரண்டு கைகளுக்கும் நடுவே புகுந்தது. விழுந்தார், எழுந்தார். எழுந்தவர் எதிரியைப் பார்க்காமல் வேறு திசையில் மெல்ல நடந்து போகிறார்! கீழே விழுந்தது எதிரிதான் என்று, கலங்கிய மூளைக்கு நினைப்பு. ஜோஹான்ஸன் பின்னாலேயே போய் மறுபடி அடிக்கிறார். அந்த ஒரே ரவுண்டில் ஏழு தடவை விழுந்தார்.

"போதும்டி, நிறுத்தச் சொல்லு அந்த மனுஷனை!" என்றாள் அத்தை. நடுவரைச் சொல்கிறாள். "நடந்து முடிஞ்சு எத்தனையோ வருஷமாச்சு, அத்தை" என்றேன். "அப்புறம் வீட்டோட இருந்தானா இல்லையா?" என்று கேட்டாள்.

இல்லை. ஆனால் உடனே ஓடவுமில்லை. கனெக்டிகட் மாகாணத்தில் மூடிக் கிடந்த ஒரு பழைய விடுதிக்குப் போய், பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுத் தனியே இருந்து தயார் செய்து கொண்டார். கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து, 1960 ஜூன் 20-ந் தேதி மறு போட்டி. ஐந்தாவது ரவுண்டில் இடது கையால் வீசிய ஒரே வீச்சில் ஜோஹான்ஸன் மல்லாந்து விட்டார். வாயில் ரத்தம், இடது பாதம் மட்டும் துடித்துக் கொண்டிருந்தது. ஜயித்தவர் குதிக்கவில்லை. மண்டியிட்டு அந்தத் தலையைக் கையில் ஏந்திக் கொண்டார். இழந்த ஹெவி-வெயிட் பட்டத்தை மீட்ட முதல் மனிதர் பாட்டர்ஸன்தான்.

பார்த்தீர்களா, மறு போட்டி நல்லதுதானே என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஜயித்தவருக்கு வருஷம் முழுவதும் விருந்து, தோற்றவருக்கு விரதம் என்ற விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. அந்த ஒரு வருஷத்தில் ஜோஹான்ஸன் ஹாலிவுட் படத்தில்கூட நடித்தார். நம் காலத்திலும் இதே கதை நடந்தது. 2019 ஜூன் மாதம் ஆன்டி ரூயிஸ் என்பவர், தோற்பார் என்று எல்லோரும் நினைத்திருக்க, ஆன்டனி ஜோஷுவாவை ஏழாவது ரவுண்டில் சாய்த்தார். ஆறே மாதத்தில் ஸவுதி அரேபியாவில் மறு போட்டி. ஜோஷுவா சுமார் பத்துப் பவுண்டு இளைத்து வந்தார். ரூயிஸ் பதினைந்து பவுண்டு பெருத்து வந்தார்! மூன்று மாதம் கொண்டாட்டத்திலேயே போய்விட்டது என்று அவரே ஒப்புக் கொண்டார். ஜோஷுவா ஜயித்தது சாமர்த்தியம்தான். ஆனால் எதிரியின் விருந்துச் சாப்பாடும் கை கொடுத்ததா, இல்லையா? அதே ஜோஷுவா 2021-ல் உஸிக் என்ற உக்ரைன்காரரிடம் தோற்றார். பயிற்சியாளரை மாற்றிக் கொண்டு பதினொரு மாதத்தில் திரும்பிப் போனார். மறுபடியும் தோல்வி. உஸிக் விருந்து சாப்பிடுகிற ஜாதியல்ல.

எதிரி விருந்தே சாப்பிடவில்லை என்றால் என்ன ஆகும் என்பது பாட்டர்ஸனுக்கும் தெரிய வந்தது. 1962 செப்டம்பர் 25-ந் தேதி, சிகாகோவில் ஸோனி லிஸ்டனோடு சண்டை. லிஸ்டன் 214 பவுண்டு, இவர் 189. முதல் ரவுண்டிலேயே, இரண்டு நிமிஷம் ஆறு விநாடியில் முடிந்தது. லிஸ்டன் பட்டத்தோடு ஊர் திரும்பிய போது விமான நிலையத்தில் வரவேற்க ஒரு கூட்டமும் இல்லையாம். பாவம், சிறைக்குப் போய் வந்தவர் என்று ஊருக்கு அவர்மேல் இளக்காரம்.

பாட்டர்ஸனோ சிகாகோவை விட்டுப் போனது ஒட்டுத் தாடி, ஒட்டு மீசையுடன்! யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாதாம். பிறகு அதே வேஷத்தில் மாட்ரிட் நகரத்துக்குப் பறந்து, கள்ளப் பெயரில் ஓட்டலில் தங்கினார். இதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு: அந்தத் தாடியைச் சண்டைக்கு முன்பே தயார் செய்து கொண்டு போயிருந்தார். தோல்வியைப் பெட்டியில் மடித்து வைத்துக் கொண்டு சண்டைக்குப் போன மனிதர்!

அவர்தான் பத்தே மாதத்தில் லிஸ்டனை மறுபடி சந்திக்கப் போனார். 1963 ஜூலை 22, லாஸ் வேகாஸ். மூன்று முறை விழுந்தார். இந்தத் தடவை இரண்டு நிமிஷம் பத்து விநாடி. பத்து மாத உழைப்புக்குக் கிடைத்த லாபம் நாலு விநாடி.

ஏன் போனார்? மறு போட்டிக்கு முன்னதாகவே ஷரத்து எழுதியிருந்தது. இந்த ஷரத்து விசித்திரமானது. ஒருவேளை தோற்றால் திரும்ப ஒரு சான்ஸ் தர வேண்டும் என்று, சாம்பியன் உடம்பில் ஓர் அடிகூட விழாத நாளில் கையெழுத்தாகிறது. தாலி கட்டுவதற்கு முன்பே ஜீவனாம்சத்துக்குப் பத்திரம் எழுதுவது போல. மானேஜருக்கு வசூல், டெலிவிஷன்காரர்களுக்கு வசூல். அடி வாங்கிய பிறகு அந்த மனிதருக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்க அதில் இடமில்லை. கேட்டாலும் அவர் போகிறேன் என்றுதான் சொல்வார். அவமானம் அப்படிப்பட்ட வஸ்து. அதை எந்த இடத்தில் பட்டோமோ அதே இடத்தில்தான் கழுவ முடியும் என்று தோன்றும். சம்பந்தி வீட்டில் ஒரு வார்த்தை கேட்டு விட்டு வந்து, மறு நாளே பதில் சொல்லக் கிளம்புகிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

ஜோ லூயியின் வழி வேறு. 1936-ல் ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் பன்னிரண்டாவது ரவுண்டில் நாக்-அவுட் ஆனார். இடது கையால் குத்தி விட்டு அதைத் தாழ்த்துகிற பழக்கம் லூயிக்கு இருந்தது. ஷ்மெலிங் அதைக் கண்டு பிடித்து, அந்த இடைவெளியில் வலது கையை இறக்கினார். லூயி உடனே ஷ்மெலிங்கின் பின்னால் ஓடவில்லை. இரண்டு மாதத்தில் வேறொருவரோடு மோதி ஜயித்தார். அடுத்த வருஷம் பட்டத்தையே வாங்கினார். 1938 ஜூன் 22-ந் தேதிதான் ஷ்மெலிங்கைக் கூப்பிட்டார். 124 விநாடியில் கணக்குத் தீர்ந்தது.

ஆகவே என் கட்சி இதுதான்: தாழ்ந்த இடது கை தோற்கடித்திருந்தால் திரும்பிப் போகலாம், அதைத் தூக்கிப் பிடிக்கக் கற்றுக் கொண்ட பிறகு. எதிரில் நிற்கிற ஆளே தோற்கடித்திருந்தால், பத்து மாதம் போதாது. பத்து வருஷமும் போதாது. குத்துச் சண்டைக்காரருக்கு இளமை கொஞ்ச நாள்தான், காத்திருந்தால் சந்தர்ப்பம் போய் விடும் என்கிறவர்கள் உண்டு. அதுவும் நியாயந்தான். ஆனால் அதே இளமையைத்தானே அந்த இரண்டு நிமிஷத்திலும் செலவழிக்கிறார்?

பாட்டர்ஸன் 1972 வரை மேடை ஏறினார். ஜோஹான்ஸனும் அவரும் பிற்காலத்தில் நல்ல சிநேகிதர்கள். ஸ்டாக்ஹோம் மாரத்தான் ஓட்டத்தில் சேர்ந்து ஓடியிருக்கிறார்கள். வயதான காலத்தில் இருவரையும் மறதி நோய் பிடித்துக் கொண்டது. 1998-ல் பாட்டர்ஸன் நியூயார்க் மாகாணத்துக் குத்துச் சண்டை நிர்வாகக் குழுவின் தலைவராக இருந்தார். ஒரு வழக்கில் வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருந்தது. யாரை ஜயித்து உலகப் பட்டம் பெற்றீர்கள் என்று வக்கீல் கேட்டார். ஆர்ச்சி மூரின் பெயர் அவருக்கு ஞாபகம் வரவில்லை.