கடைசி வாங்கில் இருத்துவது உட்படுத்தல் அல்ல



கல்வியியற் கல்லூரியில் இந்த வருடம் நான் படித்தவற்றில் மனதில் அதிகம் தங்கியது உட்படுத்தல் கல்வி. நம்மூர்ப் பெற்றோரும் தெரிந்திருக்க வேண்டிய விடயம் என்பதால் எழுதுகிறேன்.

1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 அரசாங்கங்களின் பிரதிநிதிகள் கூடி, விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கும் சாதாரண பாடசாலையின் கதவு திறந்திருக்க வேண்டும் என்று பிரகடனம் செய்தார்கள். நமது நாட்டிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, இயலாமையைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் ஒரு பிள்ளைக்குப் பாகுபாடு காட்ட முடியாது.

ஆனால் சட்டம் பிள்ளையை வகுப்பறை வாசல் வரைதான் கொண்டுவரும். இடாப்பில் பெயரைப் பதிந்து கடைசி வாங்கில் இருத்திவிட்டால் அது சேர்த்துக்கொள்வது மட்டுமே. அந்தப் பிள்ளைக்கும் பாடம் போய்ச் சேரும்படி நாம் மாறுவதுதான் உட்படுத்தல்.

கற்பித்தல் பயிற்சிக்குப் போன பாடசாலையில் தரம் 4இல் ஒரு பிள்ளை இருந்தது. பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைத்தான் பார்க்கும். "படிப்பு ஏறாது" என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். வகுப்பாசிரியையிடம் கேட்டு முன் வாங்குக்கு மாற்றினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன், எழுதுவதை வாய்விட்டும் வாசித்தேன். கொஞ்ச நாளில் பிள்ளை தானாக எழுதத் தொடங்கியது. உம்மாவோடு பேசினோம். கண்ணைப் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி போட்டார்கள். பிள்ளைக்குக் குறைவாக இருந்தது பார்வைதான், படிப்பு அல்ல.

இப்படிச் செய்யக்கூடிய பலவற்றுக்குக் காசு தேவையில்லை. காது மந்தமான பிள்ளை இருந்தால் பலகையைப் பார்த்துப் பேசாமல் வகுப்பைப் பார்த்துப் பேசலாம். எழுதச் சிரமப்படும் பிள்ளையிடம் வாயால் விடை கேட்கலாம். ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளைக்குக் கொப்பி பகிரும் வேலையைக் கொடுக்கலாம்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நாற்பது பிள்ளைகள், உதவிக்கு ஆளில்லை, மேலே புலமைப்பரிசில் பரீட்சையின் நெருக்கடி. எத்தனை பேர் சித்தி என்று மட்டுமே ஊர் கேட்டால், பாடசாலையும் சித்தியடையக்கூடிய பிள்ளைகளைத்தான் பார்க்கும்.

வீடுகளிலும் ஒரு கதவு திறக்க வேண்டியிருக்கிறது. நாலு பேர் என்ன சொல்வார்கள், தங்கச்சிமாரின் கலியாணம் என்னவாகும் என்று பிள்ளையை மறைத்து வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கண் தெரியாத ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் விடயமாகவே அபஸ அத்தியாயம் இறங்கியது. நபி (ஸல்) அவர்கள் அவரை முஅத்தினாக வைத்தார்கள். மதீனாவை விட்டு வெளியே சென்றபோது ஊரின் பொறுப்பையும் அவரிடம் கொடுத்தார்கள். அந்த வரலாற்றை மிம்பரில் கேட்டு வளர்ந்த நாம் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

தரம் 1க்குரிய வயதில் வீட்டோடு இருக்கும் பிள்ளை உங்களுக்குத் தெரிந்தால் பெற்றோரோடு பேசுங்கள், அதிபரிடம் கூட்டிப் போங்கள். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெயின்ட் அடிப்பதைப் பற்றிப் பேசுமுன், சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப் பாதை இருக்கிறதா, அந்தப் பிள்ளை பாவிக்கக்கூடிய மலசலகூடம் இருக்கிறதா என்று ஒருவராவது எழும்பிக் கேளுங்கள்.