சிங்கராஜ வனத்தில் இரண்டு இரவுகள்

திருகோணமலையில் வாழ்பவர்க்கு மழை என்பது ஒரு பருவம். ஐப்பசியிற் பிறந்து தை மாதத்தோடு மறைந்துபோகும் அந்தப் பருவத்தை நம்பியே எங்கள் குளங்களும் கிணறுகளும் ஆண்டு முழுவதும் சீவிக்கின்றன. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை. அதிலே பெரும்பங்கு அந்த நான்கு மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதன்பின் வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்றும் வெயிலுமே எங்கள் சொத்து. இதே தீவின் தென்மேற்கிலே, சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் வாழ்பவர்க்கோ மழை அன்றாட விஷயம். அங்கே ஆண்டுக்கு 3,000 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை பொழிகின்றது. மழையில்லாத மாதம் எது என்று கேட்டால் அவ்வூரவர் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

சித்திரை விடுமுறையில் அந்த வனத்தைத் தேடி முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் நாங்கள் பிரயாணஞ் செய்தது வேடிக்கை பார்ப்பதற்கு மாத்திரம் அன்று. நிலாவெளிக்கு வடக்கே கும்புறுப்பிட்டியில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், என் தமக்கையாருக்குச் சீதனமாக வந்த காணி ஒன்று உண்டு. 1990 ஆம் ஆண்டு எங்கள் குடும்பம் அவ்வூரைவிட்டுப் பெயர்ந்தபோது நான் சிறுவன். போர் முடிந்து 2009 இன் பின்னர் திரும்பிச் சென்று பார்த்தபோது வேலியும் இல்லை, வீடும் இல்லை. பாலையும் வீரையும் விளாவும் நாவலும் நெருங்கி வளர்ந்து, பழைய கிணற்றுக் கட்டை மறைத்துக்கொண்டு நின்றன. அந்தக் காட்டை வெட்டி வெளியாக்கிக் கல்யாண மண்டபத்தோடு கூடிய மூன்றுமாடி விடுதி கட்ட வேண்டும் என்பது அத்தானுடைய எண்ணம். மரங்களை அப்படியே விட்டு, அவற்றின் இடையே சிறு குடில்கள் அமைத்துச் ‘சூழல்நேய விடுதி’ நடத்த வேண்டும் என்பது மருமகனுடைய கனவு. “காட்டைப் பார்க்க எவன் காசு கொடுப்பான், தம்பி? கடலைப் பார்க்கத்தான் வருவான்” என்பார் அத்தான். தகப்பனும் மகனும் ஒரு வருடமாக இதைப்பற்றி நேரே பேசிக்கொள்வதில்லை. சோற்றுத் தட்டைப் பார்த்துத்தான் பேசுவார்கள். “நீ போய்ப் பார்த்து வந்து ஒரு நியாயம் சொல்லு” என்று தமக்கையார் என்னிடம் ஒப்படைத்தார். ஆசிரியனாய்ப் பிறந்தவனுக்கு ஊர் வழக்கெல்லாம் சொந்த வழக்கு அன்றோ!

ஆகவே மருமகனும் நானும் பத்தாம் வகுப்பிற் படிக்கும் என் மகளுமாகப் புறப்பட்டோம். தம்புள்ளையைக் கடக்கையில் மருமகன் கிழக்கே கைகாட்டினான். கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா அமைத்த கண்டலம விடுதி அத்திசையில் உள்ளது. 1994 இல் அது திறக்கப்படுமுன் குளத்துக்கும் ஊருக்கும் கேடு வரும் என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. இன்றோ கொடிகள் படர்ந்து, மலையோடு மலையாய்க் கட்டடமே மறைந்து நிற்பதைக் காண உலகெங்குமிருந்து மாணவர்கள் வருகிறார்கள். “பார்த்தீர்களா, மாமா!” என்றான். எதிர்த்தவர்கள் இல்லாதிருந்தால் கட்டியவர்கள் அவ்வளவு கவனமாய்க் கட்டியிருப்பார்களா என்பது என் ஐயம். அதை அப்போது சொல்லவில்லை.

குருநாகல், கேகாலை, அவிசாவளை, இரத்தினபுரி, களவானை என்று ஊர்கள் கழிந்து குடாவையை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு, மூட்டைகளைத் தோளிற் சுமந்து ஏறினோம். விடுதி என்றால் எட்டே அறைகள். கருங்கல் அடித்தளம், செங்கற் சுவர், அகன்ற தாழ்வாரம். குளிரூட்டி இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. விளக்குக்கு வேண்டிய மின்சாரம் ஓடைநீரிற் சுழலும் ஒரு சிறு பொறியிலிருந்து வருகின்றது. சபரகமுவ மலைக்கிராமங்கள் பலவற்றில் ஊரவரே கூடி இத்தகைய நீர்மின் பொறிகளை நிறுவியிருக்கிறார்கள். நீரும் மேட்டிலிருந்து குழாய்வழி தானாகவே இறங்கி வருகிறது.

இப்படிப்பட்ட விடுதிகளைப் ‘பேண்தகு விடுதி’ என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. தமிழ் படிப்பிக்கும் எனக்கு இந்தச் சொல்லின்மேல் நெடுநாளாகவே ஒரு சந்தேகம். பேணத் தக்கது எது, பேணுகிறவர் யார் என்ற இரண்டையும் அச்சொல் விழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிறது. ஓலைக்கூரை வேய்ந்து, மூங்கிற் கதிரை போட்டு, இருமடங்கு வாடகை வாங்குவதற்கும் அச்சொல்லே போர்வையாகிறது. இவ்விடுதியின் வாடகையும் மலிவன்று. நாங்கள் இரண்டு இரவுக்குக் கொடுத்த பணம் ஒரு பட்டதாரி ஆசிரியனைச் சில வாரங்கள் சிக்கனம் பழக்கும். ஆனால் அங்கு வேலை செய்வோரில் ஓரிருவர் தவிர எல்லாரும் நடந்துவரக்கூடிய தூரத்து ஊரவர். அந்த ஓரிருவரில் ஒருவர் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தமிழர். சமையல் அவர் கையில். “மாசிக் கருவாடு போடாம சமைக்கிறதுக்கு எனக்குத் தெரியும், வாங்க ஐயா” என்று அவர் சொன்னபோது என் வயிறு குளிர்ந்தது. பலாக்காய்க் கறியும், கித்துள் மாக் கூழும், பாணியும் அவர் கையால் உண்டது மறக்கக்கூடியதன்று.

மறுநாள் விடியற்காலையில் வனத்துள் நடந்தோம். வனத் திணைக்களத்தின் சீட்டும் வழிகாட்டியும் இன்றி எவரும் உட்புக இயலாது. அட்டைகள் எங்களை அன்போடு வரவேற்றன. காலுறையும் உப்பும் இருந்தும் என் மகளின் குதிகாலில் ஒன்று தன் காலை உணவை முடித்துக்கொண்டது. பாதை வியப்பூட்டும்படி அகலமாக இருந்தது. காரணம் கேட்டபோது வழிகாட்டி, இது மரம் ஏற்றுவதற்காக இயந்திரங்கள் போட்ட பாதை என்றார். 1970 களின் தொடக்கத்தில், கொஸ்கமவில் அமைந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இவ்வனத்தில் மரம் வெட்டத் தொடங்கினார்கள். எதிர்ப்பு வலுத்து, 1977 அளவில் அது நின்றது. 1978 இல் உயிர்க்கோளக் காப்பிடமாகவும், 1988 இல் உலக மரபுரிமையாகவும் வனம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வெட்டப்பட்ட பகுதியிலே இன்று நிற்கும் மரங்களை அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகிறது. கும்புறுப்பிட்டிக் காணியும் இப்படித்தானே, எவரும் நடாமலே தன்னைத் தானே போர்த்திக்கொண்டது என்று மருமகன் சொன்னான். ஆமோதித்தேன்.

பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களான நிமால், சாவித்திரி குணதிலக்க தம்பதியர் மற்றும் பலர் சேர்ந்து 1990 களில் இவ்வனத்தில் இருபத்தைந்து ஹெக்டேயர் நிலத்தை அளந்து, ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாத விட்டமுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் கணக்கெடுத்தார்கள். ஏறத்தாழ இரண்டு இலட்சம் மரங்கள்; இருநூறுக்கு மேற்பட்ட இனங்கள். “இரண்டு இலட்சத்தையும் எண்ணினவர்கள் மழையிலும் எண்ணினார்களா?” என்று மகள் கேட்டாள். இங்கே வேறு எப்போது எண்ணுவது என்று சிரித்தார் வழிகாட்டி. கூட்டங் கூட்டமாகப் பறவைகள் வந்தன. பல இனங்கள் ஒன்றாய்க் கூடி இரைதேடும் இக்கூட்டங்களை 1980 களின் தொடக்கத்திலிருந்தே ஆராய்ந்து வருகிறார்கள். சராசரியாக ஒரு கூட்டத்தில் நாற்பது பறவைகள் வரை, பத்துக்கு மேற்பட்ட இனங்கள். தவிட்டுக்குருவிகள் இலைகளைக் கலைத்துச் சந்தை கூட்ட, கொண்டைக் கரிச்சான் காவற்காரனைப்போல் மேலிருந்து குரல் கொடுக்கும். இன்னுமொன்று: 1995 இல் கித்துள்கலையில் தீபால் வாரகாகொட என்பவர் இனந்தெரியாத ஓர் ஆந்தையின் குரலைக் கேட்டார். அந்தக் குரலுக்குரிய பறவையை அவர் கண்ணாற் கண்டது 2001 இல், இந்தச் சிங்கராஜ வனத்திலே. 2004 இல் அது புதிய இனமாக உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஒரு குரலை நம்பி ஆறாண்டு இருட்டிற் காத்திருப்பதென்றால் எத்தனை பேருக்கு இயலும்? நாங்களும் அன்றிரவு தாழ்வாரத்திற் செவிகொடுத்திருந்தோம். மழையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

எங்கள் ஊர் மரங்களைப் பற்றியும் வழிகாட்டி விசாரித்தார். சவண்டலை மரத்துக்கு உலகச் சந்தையில் ‘திருகோணமலை மரம்’ என்றே பெயர் என்றேன். முன்னாளில் எங்கள் துறைமுகத்திலிருந்து சென்னைக்குச் சென்று மசூலாப் படகாக அலைகளோடு மல்லாடியது அம்மரம். “எங்கள் பக்கம் அதை மரக்காலையிற் பலகையாய்த்தான் கண்டிருக்கிறேன்” என்றார் அவர். தமக்கையாரின் காணியில் மூன்று இளஞ் சவண்டலைகள் நிற்கின்றன.

இரண்டாம் நாள் இரவு விடுதிக்காரர் எங்களோடு அமர்ந்து நெடுநேரம் உரையாடினார். அவருடைய தகப்பனார் காட்டிலே கித்துள் இறக்கியும் பிரம்பு வெட்டியும் பிள்ளைகளை வளர்த்தவர். காடு காப்பிடமாகி அவ்வழிகள் அடைபட்டபோது ஊரெங்கும் கோபமே மிஞ்சியது என்றார். பறவை ஆராய வந்தவர்களுக்குச் சோறு சமைத்துக் கொடுத்ததில் தொடங்கி, வழிகாட்டியாகி, அறை கட்டியிருக்கிறார். ஏன் எட்டு அறையோடு நின்றுவிட்டீர்கள் என்று கேட்டேன். பாதையில் ஒரு காலைக்கு இவ்வளவு பேர் நடந்தால்தான் பறவை நிற்கும். அதற்குமேல் போனால் விருந்தினரும் ஏமாறுவர், காடும் ஏமாறும் என்றார். காசுக் கணக்கைத்தான் சொன்னார், உபதேசம் செய்யவில்லை.

மருமகன் தன் கைப்பேசியிலிருந்த வரைபடத்தைக் காட்டினான். மரங்களினிடையே பத்துக் குடில்கள், நடுவே புற்றரை, ஒரு நீச்சற் குளம். விடுதிக்காரர் அதை உற்றுப் பார்த்தார்.

“உங்கள் ஊருக்கு விருந்தினர் எந்த மாதத்தில் வருவார்கள்?”

“வைகாசி முதல் புரட்டாதி வரை. அப்போதுதான் கடல் அமைதி.”

“மழை?”

“ஐப்பசிக்குப் பிறகு.”

“அப்படியானால் கிணறு இறங்குகிற காலத்தில் அல்லவா வருகிறார்கள்! ஆவணியில் உங்கள் கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர், சேர்?”

மருமகன் என்னைப் பார்த்தான். நான் மழையைப் பார்த்தேன். அந்தக் கணக்கை எங்கள் குடும்பத்தில் எவரும் எடுத்ததில்லை. சிங்கராஜ வனத்தில் அருமையானது கலைக்கப்படாத காடு. நீருக்கு அங்கே குறைவில்லை. எங்கள் கரையில் அருமையானது நன்னீர். அவருடைய விடுதியை அப்படியே பெயர்த்தெடுத்துக் கும்புறுப்பிட்டியில் வைத்தால் அது வேறொரு விடுதியாகிவிடும்.

திரும்பியதும், கல்லூரியில் பௌதிகம் படிப்பிக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். கடற்கரை மணலில் மழைநீர் உப்புநீரின்மேல் மிதந்துகொண்டு நிற்கிறது என்றார் அவர். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீரே இருக்கும். இறைத்து இறைத்து மேலே ஓரடியைக் குறைத்தால், கீழேயுள்ள உப்பு காலப்போக்கில் நாற்பதடி மேலேறக்கூடும். பின் அந்தக் கிணற்றை எத்தனை பணம் கொடுத்தும் இனிதாக்க முடியாது. எங்கள் கிணற்றிலோ, கோடையில் அயலிலுள்ள மூன்று வீட்டாரும் குடிப்பதற்கு அள்ளுகிறார்கள். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 1963 இல் சரணாலயமாகி, 2003 இல் தேசிய பூங்காவுமாயிற்று. அப்படியிருந்தும் விருந்தினரின் கால்பட்டே பவளப்பாறைகள் உடைகின்றன. அங்கே உடைவது கண்ணுக்குத் தெரிகிறது; மணலுக்குக் கீழே நிகழ்வது தெரிவதில்லை.

தமக்கையாரிடம் நான் சொன்ன நியாயம் இருவரையும் மகிழ்விக்கவில்லை. மரங்கள் நிற்கட்டும், நீச்சற் குளமும் புற்றரையும் வேண்டாம், குடில்களின் தொகையைக் கிணறு சொல்லட்டும் என்றேன். ஆழமாய்க் குழாய்க் கிணறு அடித்தால் போயிற்று என்றார் அத்தான். நண்பர் சொன்ன நாற்பதடிக் கணக்கை அவருக்கு மணலிற் கோடு கிழித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “அப்ப அயலுக்கும் சேர்த்து உப்பாகுமோ?” என்று மட்டும் கேட்டார்.

மருமகன் ஒரு கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சிட்டு, நுனியிற் கல் கட்டி, ஞாயிறுதோறும் கிணற்றில் இறக்கிக் கலண்டரிற் குறித்துவருகிறான். சென்ற மாதத்திலிருந்து கயிற்றின் மறுநுனியை அத்தான் பிடிக்கிறார். சித்திரை இறுதியில் ஆறரை முழமாயிருந்த நீர், சென்ற ஞாயிறு நான்கு முழத்துக்குச் சற்றுக் குறைவாய் நின்றது. புரட்டாதி இன்னும் கழியவில்லை. வரைபடக்காரரைக் கார்த்திகைக்குப் பிறகு வரும்படி அத்தான் சொல்லியனுப்பியிருக்கிறார்.