கிழமையைத் திருத்தியவன்

நான் வீட்டில் இருக்கும்போது யாரும் கதை பேசுவதில்லை. அதற்குக் காரணம் நான்தான்.

அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. பகலெல்லாம் பிழை தேடுகிற கண்ணை வீட்டுக்கு வந்த பிறகும் நான் மூடுவதில்லை. அம்மா ஒரு சம்பவத்தை ஆரம்பிப்பாள். கல்யாணத்துக்குப் போன அத்தை மண்டபம் மாறி, முன்பின் தெரியாதவர்கள் பந்தியில் உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிட்டுவிட்டு, மொய்யும் எழுதிவிட்டு வந்த கதை. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். நான் குறுக்கே புகுந்து, "அது புதன்கிழமை இல்லம்மா, வியாழன்" என்பேன். "அத்தைக்குச் சர்க்கரை ஆச்சே, பாயசம் எப்படிச் சாப்பிட்டா?" என்பேன். "ஆமாண்டா, வியாழன்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

பங்குனி, சித்திரையில் வடாம் பிழியும் நாட்களில் எங்கள் வீட்டில் சிரிப்பு அதிகம். விடியுமுன் ஜவ்வரிசிக் கூழ் கிளறுவார்கள். காய்ந்தால் உப்பு தூக்கலாகிவிடும், அதனால் கூழில் சற்றுக் குறைவாகவே இருக்க வேண்டும். அதைச் சாக்காக வைத்து ஆளாளுக்கு ஒரு கை நக்கிப் பார்ப்பார்கள். மொட்டைமாடித் தரை சுடுவதற்குள் பழைய வேட்டியை விரித்துப் பிழிந்து முடித்து, காக்காய்க்குப் பயம் காட்டக் கறுப்புக் குடையை விரித்து வைப்பார்கள். காவலுக்குப் போகிற மகள், மேலே காய்ந்தும் உள்ளே குழைந்தும் இருக்கிற பக்குவத்தில் பாதி வடாமைப் பிய்த்துத் தின்றுவிடுவாள். அந்த ருசி பொரித்த வடாமுக்குக் கிடையாது என்று என் மனைவியும் சொல்வாள். எனக்குத் தெரியாது. "கடையில பாக்கெட் கிடைக்குதே, எதுக்கு இந்தப் பாடு" என்று கீழேயே உட்கார்ந்திருந்தவன் நான். மேலே சிரிப்புச் சத்தம் கேட்டு என்னவென்று பார்க்கப் போனால், படியில் என் காலடி கேட்டதும் அடங்கிவிடும்.

எனக்குச் சிரிக்கத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஜ.ரா. சுந்தரேசன் தன் அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துப் 'பாக்கியம் ராமசாமி' என்று புனைபெயர் வைத்துக்கொண்டு எழுதிய அப்புசாமி கதைகளை விழுந்து விழுந்து சிரித்துப் படித்தவன் நான். 1963-இல் குமுதத்தில் தொடங்கிய கதைகள். வயதான புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்குள் போடும் பூசல்தான் அவற்றுக்கு முதல். அப்புசாமி சொல்வதை எந்தக் கிழமை என்று நான் ஒருநாளும் சரிபார்த்ததில்லை. அச்சில் வந்தால் ரசித்தேன். அதே சரக்கு அம்மா வாயிலிருந்து வந்தால் திருத்தினேன். வீட்டுப் பெண்கள் பேசுவது அற்பம் என்கிற எண்ணம் எனக்குள் இருந்திருக்கிறது. சேர்ந்து சிரித்தால் மரியாதை போய்விடும் என்ற பயமும் இருந்தது. என் அப்பாவும் அப்படித்தான் இருந்தார். அதைச் சமாதானமாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

போன மாதம் மகள் பள்ளிக்கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வந்தாள். இரண்டு வாக்கியம் சொன்னவள் சட்டென்று நிறுத்தி, "என்னைக்குன்னு சரியா ஞாபகம் இல்லப்பா" என்றாள். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. "பரவாயில்லம்மா, சொல்லு" என்றேன். "அவ்வளவுதான்ப்பா" என்று எழுந்து போய்விட்டாள்.

இந்த வருஷம் கூழ் கிளற நானும் எழுந்து வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். "வாங்க. ஆனா உங்கம்மா பேச ஆரம்பிச்சா, முடிக்கிறவரைக்கும் வாயத் திறக்கக் கூடாது" என்றாள்.