பொறுமை என்பது மௌனம் அன்று



துணைவரின் துரோகம் வெளிப்பட்ட இல்லங்களில் முதலில் ஒலிக்கும் சொல் "பொறுத்துக்கொள்" என்பதே. அது பெரும்பாலும் மனைவியிடமே சொல்லப்படுகிறது. மார்க்கம் போதிக்கும் ஸப்ர் இதுதானா என்று நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நிக்காஹ்வைத் திருக்குர்ஆன் (4:21) வலுவான உடன்படிக்கையாகக் கருதுகிறது. அது முறியும்போது உறக்கம் கெடும், உணவு இறங்காது, கடந்த காலம் முழுவதும் பொய்யோ என்ற ஐயம் எழும், ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். பெரும் விபத்தில் சிக்கியோர் அடையும் அதிர்ச்சியோடு உளவியலாளர்கள் இதனை ஒப்பிடுகின்றனர். ஆகவே, கேள்வி கேட்பவரைச் சந்தேகப் பிராணி என ஏசுவது அநீதியாகும்.

தவறு எங்கே தொடங்குகிறது? தவறியவர் அனைவரும் மணவாழ்வை வெறுத்தவர் அல்லர் என்றும், நட்பாகத் தொடங்கிய பழக்கம் துணையிடம் மறைக்கப்படும்போதே எல்லை கடக்கிறது என்றும் அமெரிக்க உளவியலாளர் ஷெர்லி கிளாஸ் 2003இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருப்பதை மார்க்கம் தடுத்ததன் நுட்பம் இங்கே புலப்படும்.

நம் திருவொற்றியூரில் எண்ணூர், மணலி ஆலைகளின் இரவுப் பணியும், கப்பல் வேலையும், வளைகுடா ஒப்பந்தமும் தம்பதியரைப் பிரித்து வைக்கின்றன. கணவரைப் பிரிந்த ஒரு பெண்ணின் ஏக்கத்தைச் செவியுற்ற கலீஃபா உமர் (ரலி), தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஆலோசித்து, போர்வீரர் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்திற்கு வரம்பு விதித்ததாக அறிவிப்புகள் உள்ளன. பிரிவு துரோகத்திற்கு நியாயம் ஆகாது. ஆயினும் அதன் பாரத்தைக் குடும்பம் அறிந்திருத்தல் வேண்டும்.

பாவத்தை விடுதல், வருந்துதல், மீண்டும் செய்யாதிருக்க உறுதி பூணுதல், பிறர் உரிமையைப் பறித்திருந்தால் ஈடுசெய்தல் ஆகியவை தௌபாவின் நிபந்தனைகள். மணவாழ்வில் கடினமானது இறுதி நிபந்தனையே. துருவி ஆராய்வதைத் திருக்குர்ஆன் (49:12) தடுக்கிறது. காயமுற்றவர் ஒளிந்து கைப்பேசியைத் தேடும் நிலை நேராதவாறு, தவறியவரே முன்வந்து ஒளிவின்றி நடக்க வேண்டும். இழந்த நம்பிக்கை மீள மாதங்கள் ஆகலாம்; ஆண்டுகளும் ஆகலாம்.

இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்துமாறு 4:35 வழிகாட்டுகிறது. தெரு முழுதும் இதனைப் பேச வேண்டியதில்லை. நான்கு சாட்சிகளின்றிப் பெண்கள்மீது பழி சுமத்துவோருக்கு 24:4 கூறும் தண்டனையை நினைவிற்கொள்வோம்.

மன்னிப்பது வேறு, சேர்ந்து வாழ்வது வேறு. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் 497ஆம் பிரிவை நீக்கியதால் பிறன்மனை உறவு குற்றச்செயல் என்ற நிலை மாறியது. மணவிலக்குக் கோரும் வழி அடைபடவில்லை. முஸ்லிம் மனைவிக்குக் குலா உரிமையும், 1939ஆம் ஆண்டின் திருமண முறிவுச் சட்டமும் உண்டு. சேர்ந்து வாழ்வதாயினும் பிரிவதாயினும், அந்த முடிவை அச்சமின்றி எடுக்கத் துணைநிற்பதே உறவினரின் கடமை.

வீட்டில் பேசப்படாத துயரம் மதரஸாவில் ஓதவரும் பிள்ளையின் முகத்தில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகளுக்காகவேனும் உண்மையைப் பேசுவோம். காயமுற்ற உள்ளங்களுக்கு அல்லாஹ் ஆறுதல் அளிப்பானாக. ஆமீன்.